அடிமரம் பற்றி இரண்டு கருத்துகள்

1

இந்தக் கதை ஒரு கருத்து வேறுபாட்டிலிருந்து கிடைத்தது. இருவருமே யோக்கியர்கள். ஒருவராவது அயோக்கியராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். 'தூத்துக்குடிக் கடலில் அன்று அலைகள்…' என்று தொடங்கினேன். வேண்டாம். தோணி கடலிலேயே இல்லை, கரையில் ஏற்றப்பட்டுக் கிடந்தது.

2

1974. கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன பழைய தோணி. புருஷன் படுத்த படுக்கையானதால் விற்க வந்தவள் பிளாரன்ஸ். வாங்க வந்தவர் சாயர்புரத்துக் கடைக்காரர் பால்துரை. அவருக்காகத் தோணியைச் சோதிக்க வந்தவர் ஜேசுதாசன்.

ஜேசுதாசன் அடியில் மல்லாந்து படுத்து, ஏரா என்கிற அடிமரத்தைச் சுத்தியால் தட்டினார். ஓரிடத்தில் ஓசை மந்தமாக வந்தது.

"உளுத்திருக்கு."

பிளாரன்ஸ் தன் பக்கத்துக்குக் கூட்டி வந்த தச்சர் தனராஜும் தட்டிப் பார்த்தார். "ஈரம் வே. காஞ்சா சரியாயிரும்."

(தனராஜை விலைபோனவராக்கி ஒரு படி எழுதினேன், கிழித்துவிட்டேன். ஜேசுதாசனே அவரை நம்பினார். அதுதான் கஷ்டம்.)

3

தன் கருத்தை மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் போல ஜேசுதாசனுக்கு அலுப்பாக இருந்தது. ஆனால் தன்னளவு மரம் தெரிந்த ஒருவர் மாற்றிச் சொல்வதை மறைப்பதும் பொய்தானே. தள்ளி நின்ற பால்துரையிடம் இரண்டையும் சொன்னார்.

"ஒரு முடிவாச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் பால்துரை. "இதுல எம் மச்சினன் செந்தூர்பாண்டில்லா போவப் போறான்."

மச்சினன் பெயரைக் கேட்டதும் பிளாரன்ஸ் முன்னால் வந்தாள். "போன வருசம் மணப்பாட்டுப் பக்கம் பாறையில தட்டிட்டு. அந்த எடந்தான். கீறலை அடைச்சு மேல தார் பூசிட்டோம்."

தனராஜ் திரும்பினார். "எங்கிட்டயும் சொல்லலியே."

"நீங்க கேக்கல அண்ணாச்சி. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

தனராஜ் மறுபடி குனிந்து வெகுநேரம் தட்டினார். "உம்ம பக்கம் வாரேன் வே," என்றார் எழுந்து. ஜேசுதாசனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பிளாரன்ஸின் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

4

இங்கே 'உண்மை வென்றது' என்று எழுதி அடித்துவிட்டேன். ஏனென்றால் பால்துரை போகவில்லை.

"இந்தத் தோணிய எனக்கே குடுங்க. வேற தோணின்னா எந்த எடம் கெட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. இதுல தெரியும். அந்த மரத்த மாத்திக்கிடுதேன்."

பிளாரன்ஸ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாத்துனாலும் பழைய உறுதி வராது," என்றார் ஜேசுதாசன்.

"வரும்," என்றார் தனராஜ்.

5

மரம் மாற்றினார்கள். செந்தூர்பாண்டி புறப்பட்டான். தோணி கொழும்பு போய்ச் சேர்ந்ததா? நான் ஒன்று சொன்னால் இருவரில் ஒருவர் தவறென்றாகும். எனக்கு அதற்குத் தெம்பில்லை. தோணி கிளம்பிய காலையில் ஜேசுதாசன் வரவில்லை. தனராஜ் வந்திருந்தார். பாய் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. எதற்காக நின்றார் என்பதை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.