மச்சான் கொடுத்த பை

புனிதனுக்கு முப்பது வருடச் சிறையும் பன்னிரண்டு ரோத்தான் பிரம்படியும் என்று தீர்ப்பான நாளிலிருந்து, அவன் மனைவி யோகேஸ்வரி தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் கேட்டாலும் ஒன்றையே சொல்லிவந்தாள். "அந்தப் பையில என்ன இருந்துச்சுன்னே அவருக்குத் தெரியாது."

புனிதன் மலைமேல் இருந்த திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டியவன். குடிக்கமாட்டான், வம்புதும்புக்குப் போகமாட்டான். ரிங்லெட் ஏரிக்கரையில் லோரியை நிறுத்தி, ஒருவனிடம் ஒரு பையைக் கொடுத்தான். வாங்கியவன் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான். அதுதான் சைகை. பக்கத்துக் கடையிலிருந்து நாலுபேர் பாய்ந்து வந்தார்கள். வாங்க வந்தவனே மாறுவேடத்தில் வந்த போலீஸ். பை நிறைய சியாபு என்ற போதைமருந்து.

மேல்முறையீட்டுக்கு செரீனா என்ற வக்கீல் கிடைத்தாள். அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஈப்போவில் இருந்த தன் அலுவலகத்தில் யோகேஸ்வரியை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"வலை விரிச்சுப் புடிச்சாங்கன்னு மட்டும் சொன்னா இங்க விடமாட்டாங்கக்கா. சட்டமே அதுக்கு எடம் குடுக்குது. ஆனா அந்த போலீஸ்காரரை உங்க வீட்டுக்காரர்கிட்ட கொண்டுவந்து விட்டது யாரு? வெறும் துப்பு குடுத்தவன்னு சொல்லி அவன் பேர மறைச்சுட்டாங்க. அவனே போய் இவரைத் தூண்டிவிட்டிருந்தா கதையே வேற."

"யாருன்னு கேட்டா அவரு வாயே தொறக்கமாட்டேங்கிறாரு மிஸ்."

செரீனா கொஞ்சம் யோசித்தாள். "அந்தச் சமயத்துல, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் போலீஸ்ல மாட்டி, கேஸ் இல்லாம வெளிய வந்தாங்களா?"

யோகேஸ்வரிக்குத் தம்பியின் நினைவு வந்தது. அவளுடைய தம்பி சசிதரன் அப்போதுதான் பிடிபட்டிருந்தான். மறுநாளே வெளியே வந்தான். முருகன் புண்ணியம் என்று அவள் தேங்காய் உடைத்தாள். புனிதன் கைதான பிறகு தம்பி அவர்கள் வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. வெட்கப்படுகிறான் போல என்று அவள் நினைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறிக் கோலா தெர்லாவுக்குப் போனாள். சசிதரன் அங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தான். அவள் கேட்பதற்கு முன்பே அவன் முகம் சொல்லிவிட்டது.

"நீதானாடா?"

"என்கிட்ட கொஞ்சம்தான்க்கா இருந்துச்சு. பெருசா ஒரு கேஸ் குடு, உன்ன விட்டுடறேன்னாங்க. எனக்கு யாரையும் தெரியல. மாமாதான் நான் சொன்னா கேப்பாரு."

"அவருக்குத் தெரியாம பையைக் குடுத்தியா?"

சசிதரன் இல்லையென்று தலையை ஆட்டினான். "தெரியும்க்கா. எத்தனையோ தடவை முடியாதுன்னுட்டாரு. இதக் கொண்டுபோய்ச் சேக்கலன்னா என்னைக் கொன்னுடுவானுங்கன்னு பொய் சொன்னேன். அவரு கால்ல விழுந்து அழுதேன். உங்க அக்காவுக்காகச் செய்யிறேன், இதோட விட்டுடுன்னு சொல்லித்தான் வாங்கிக்கிட்டாரு."

யோகேஸ்வரி அவனை அறைந்தாள். கை வலிக்கும்வரை அறைந்தாள். அவன் தடுக்கவில்லை. கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அவள் அந்தக் கூடையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளாக அவள் ஊருக்குச் சொன்னது பொய். அதைச் சொல்லி அவளை நம்பவைத்தவனும் புனிதன்தான்.

"வக்கீல்கிட்ட வந்து சொல்லுவியாடா?"

"சொன்னா போலீஸும் விடாது, மருந்து குடுத்தவனுங்களும் விடமாட்டானுங்க."

"அவரு உன் பேரை இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

சசிதரன் வந்தான். செரீனாவின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிச் சத்தியப்பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டான்.

புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்குமுன் அரசுத் தரப்பு வக்கீல் செரீனாவைத் தனியே கூப்பிட்டார். திரும்பி வந்த செரீனாவின் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"சசிதரன் சொன்னதப் பாத்துட்டு, கடத்தலை விட்டுடறோம், மருந்தை வச்சிருந்த குற்றத்தை ஒத்துக்கிட்டா போதும்ங்கிறாங்க. பதினஞ்சு வருசம், புடிச்ச நாள்லேருந்து கணக்கு. பத்து அடி. வேணாம்னு வாதாடினா விடுதலையும் ஆகலாம், முப்பதே நிக்கவும் செய்யலாம். தெரியாதுன்னு கீழ்க்கோர்ட்ல சொன்னாருல்ல, சசிதரன் சொன்னது அதை ஒடைச்சிடுச்சு. முடிவு அவருதான் எடுக்கணும்."

காவலர்களுக்கு நடுவே கூண்டில் நின்ற புனிதன் யோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சரியென்றும் தலையாட்டவில்லை, வேண்டாமென்றும் தலையசைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"ஒத்துக்கிறேன்," என்றான் புனிதன்.

நீதிபதிகள் பதினைந்து வருடம் என்று மாற்றி எழுதினார்கள். கொண்டுபோகுமுன் ஒரு காவலர் மனமிரங்கிச் சற்றே ஒதுங்கி நின்றார்.

"ஏங்க என்கிட்டகூட மறைச்சீங்க?"

"சொல்லியிருந்தா உனக்குத் தம்பி இல்லாமப் போயிருப்பான்."

"இப்ப மட்டும் இருக்கானா?"

"வெளிய நிக்கிறானா? சாப்புட்டானா?" என்று கேட்டான் புனிதன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவனை அழைத்துப் போய்விட்டார்கள். கைவிலங்கோடு நடந்தவன் கதவருகே ஒருமுறை திரும்பினான்.

வெளியே படிக்கட்டில் சசிதரன் தன் துணிமணிப் பையோடு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்து எழுந்தான். அவள் தீர்ப்பைச் சொன்னாள். அவன் அடிகளைப் பற்றிக் கேட்டான். அதையும் சொன்னாள்.

"நான் உங்ககூட வரட்டாக்கா?"

"நீ இனிமே மலை ஏறாதடா," என்றாள்.

அவன் உயிருக்குப் பயந்து சொன்னாளா, முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் தெற்கே ஜொகூருக்குப் பஸ் பிடித்துப் போய்விட்டான். யோகேஸ்வரி மலையடிவாரத்தில் இருந்த தாப்பாவில் இறங்கி மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். நாளைக் காலையில் தேயிலை ஆலையில் அவளுக்கு வேலை இருந்தது.