ஓடிஸ் நின்ற இடது ஓரம்

ஓடிஸ் வெசல் பின்னால் ஓரடி வைத்தால் தரை அவனை மூன்று விரற்கடை விழுங்கும். எதிரியை முட்டி முன்னே தள்ளினால் அதே தரை அவனை மேலே துப்பிவிடும். நெப்ராஸ்காவின் ஹாஸ்கெல் கிரீக் பள்ளி அமெரிக்கப் பந்தாட்டக் குழுவில், முன்வரிசை ஐவரில் இடது ஓரம் அவனுடையது. பந்தோடு ஓடும் ஆட்டம் என்றால் ஐவரும் முன்னே பாய வேண்டும். வீசும் ஆட்டம் என்றால் வீசுபவனைக் காக்கப் பின்வாங்க வேண்டும். அந்த ஐவரும் முன்னே போனால் காளைகள், பின்னே போனால் குப்பை. இது முன்வரிசைப் பயிற்சியாளர் மைலோ குசெராவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். தலைமைப் பயிற்சியாளர் லைல் ஸ்வாண்டாவுக்கும் தெரியும். ஆனால் வீசுபவன் அவருடைய மகன் டேரன். அவனைத் தங்கள் குழுவுக்கு எடுக்கலாமா என்று பார்க்கக் கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

வாராவாரம் குசெரா ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்: இரண்டு வீச்சுக்கு ஓர் ஓட்டம், அதுவும் இடது பக்கமாக. ஸ்வாண்டா மாட்டிறைச்சியும் கோஸும் அடைத்த ரொட்டியைத் தின்றுவிட்டு, கொழுப்பு வழியும் விரல்களை அந்தத் தாளில் துடைப்பார். "யோவ் மைலோ, அவன் முங்கினா முங்கிட்டுப் போறான். பந்து மேலதானே பறக்குது?" குசெரா சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டார். செப்டம்பரில் ஓடிஸ் கணுக்கால்வரை புதைந்தான், அக்டோபரில் முழங்கால்வரை. ஆட்டம் முடிந்ததும் மண்வெட்டியால் தோண்டி எடுத்து, குழாயடியில் கழுவி வீட்டுக்கு அனுப்புவார்கள். நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். தரைக்குக் கீழே நிற்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

கடைசி ஆட்டத்தில் ஸ்வாண்டா நாற்பத்தொரு முறை வீசச் சொன்னார், ஓட்டம் ஒன்றுகூட இல்லை. கழுத்தளவு மண்ணில் ஓடிஸ், ஆற்றில் நடப்பவனைப் போல அடுத்த இடத்துக்கு நடந்து வந்தான். "கோச், ஒரே ஒரு தடவை முன்னால போகச் சொல்லுங்க. வாயில மண்ணு போகுது." குசெரா ஸ்வாண்டாவின் கையைப் பிடித்தார். "அடுத்தது ஓட்டம்தான்," என்றார் ஸ்வாண்டா. அடுத்ததும் வீச்சுதான், அதற்கடுத்ததும். கடைசியாக டேரன் எறிந்த பந்து எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடிபட்டுப் புள்ளியானது, வாத்தியக்குழு முழங்கியது, ஊரே எழுந்து நின்று பந்தைப் பார்த்தது. குசெரா மட்டும் புல்லில் கிடந்த ஓடிஸின் தலைக்கவசத்தைப் பார்த்தார். பத்தடி தோண்டியும் ஓடிஸ் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து முன்வரிசை எங்கே போய் நின்றாலும் இடது ஓரம் மட்டும் பாறை. அங்கே நிற்பவனை எவனாலும் அசைக்க முடியவில்லை; அடியிலிருந்து யாரோ உள்ளங்காலைத் தாங்குவதாகப் பையன்கள் சொன்னார்கள். அப்போதுதான் ஸ்வாண்டா அந்தக் கொழுப்புத் தாள்களைத் தேடி எடுத்தார். "வரிசைக்கு எது பலமோ அதுக்குத் தகுந்த மாதிரி ஆட்டம் சொல்லணும், அதான் எப்பவும் என் கொள்கை," என்று பத்திரிகைக்காரர்களிடம் கூசாமல் சொன்னார். சீ, மனிதனா அவர்! இடது பக்கமாக ஓடியே மூன்று கோப்பைகள் வாங்கினார். ஓடிஸின் அம்மாவுக்கு இடது பக்கம் ஆயுள் முழுக்க இலவச இருக்கை கொடுத்தார்கள்.

குசெரா வேலையை விடவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் இடது ஓரத்தில் குனிந்து, "முன்னால போடா ஓடிஸ், முன்னால," என்பார். தரை மூன்று விரற்கடை எழும்பும். நடுவர் அதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்க விசில் ஊதுவார்.