பல்லால் கடித்த நூல்

மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொன்று நாற்பதுக்கு, தாராவி ஆறுமுகத்தாய் இருபத்தாறு வருடமாகத் தைத்த தையல்கள் அத்தனையும் ஒரே நொடியில் பிரிந்தன. வடாலா மோனோரயிலில் நின்றுகொண்டிருந்த ஒரு வங்கி மேலாளரின் சட்டைக் கைகள் கழன்று காலடியில் விழுந்தன. தாதர் மார்க்கெட்டில் தலையணைகள் வாய் பிளந்தன. மாட்டுங்காவில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சீருடைப் பைகள் பிரிந்து, உள்ளே இருந்த பிட்டுகள் தரையில் கொட்டின. கண்காணிப்பாளர் பதினொரு பேரைப் பிடித்தார்.

காரணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவள் வேலை பார்த்த தையல் பட்டறையில், அந்தக் கார்கானாவில், சரக்கு எடுக்கும் வெளிநாட்டுக்காரன், திறன் சான்றிதழ் இல்லாத கை துணியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான். எத்தனை வருடம் தைத்த கையானாலும் தேர்வு உண்டு. தேறாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவள் மெஷினில் வேறொருத்தி. தேர்வு வைக்க வந்தவன் மகேஷ்குமார். அவள் சந்திலேயே வளர்ந்து, இப்போது நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயில் ஃபிளாட் வாங்கிப் போயிருப்பவன். அத்தை அத்தை என்று அவள் வீட்டில் தின்று வளர்ந்த வாய், அன்றைக்கு மேடம் என்றது. அவள் தைத்த காலரில் இம்மி பிசகில்லை. முடித்ததும், எப்போதும்போல நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அங்கேதான் அவன் நிறுத்தினான். கத்தரி இருக்கும்போது பல்லை வைப்பது பாதுகாப்புக் குற்றமாம். மற்றதில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் தேற முடியாதாம்.

“ஏல, நீ பரிச்சைக்குப் போட்டுட்டுப் போன நிக்கரையெல்லாம் இந்தப் பல்லுதாம்ல கடிச்சு முடிச்சுது.”

“ரூல் அப்படித்தான், மேடம். நான் என்ன பண்ணட்டும்?”

டேப்லெட்டில் ‘தகுதியில்லை’ என்ற கட்டத்தை அமுக்கினான். அந்த நொடிதான் பதினொன்று நாற்பது. அவன் பேன்ட்டும் அவள் தைத்ததுதான். நாலு துண்டாகி நாற்காலியைச் சுற்றி விழுந்தது. படுபாவி அப்போதும் முடிவை மாற்றவில்லை. டேப்லெட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

திங்கட்கிழமை கார்கானா அவளை வெளியே அனுப்பியது. பிரிந்த துணிகளைச் சான்றிதழ் வாங்கியவர்கள் தைத்துப் பார்த்தார்கள். மறுநாளே மறுபடி பிரிந்தன. புதன்கிழமை ஊரே மூட்டையோடு அவள் வாசலில் நின்றது, வங்கி மேலாளர் உட்பட. வீட்டு மெஷினை வாசலில் இழுத்துப் போட்டு, டோக்கன் கொடுத்து உட்கார்ந்தாள். தைத்தாள், கடித்தாள், தையல் நின்றது. மூன்று மாதம் கழித்துத் தேர்வு நடத்தியவர்கள் கேட்காமலே சான்றிதழை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கும் பேன்ட் வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மகேஷ்குமார் ஞாயிறுதோறும் வருகிறான். கடையில் புதிதாக வாங்கும் பேன்ட்கூட அவன் இடுப்பில் பட்டதும் பிரிந்துவிடுகிறது. எத்தனை மணிக்கு வந்தாலும் அவன் கைக்கு வருவது நாற்பத்தொன்றாம் டோக்கன். அவள் நாற்பது என்று கூப்பிட்டுத் தைத்துக் கொடுப்பாள், பிறகு நாற்பத்திரண்டு என்பாள். ஒரு ஞாயிறு அவன், அத்தை என்று கூப்பிட்டுப் பார்த்தான்.

“ரூல் அப்படித்தான், சார்,” என்றாள், நூலைக் கடித்தபடி. “நான் என்ன பண்ணட்டும்?”

இப்போது தையலே இல்லாத வேட்டியைக் கட்டிக்கொண்டு தேர்வு வைக்கப் போகிறான். முதலில் சிரித்தார்கள். இந்த வருடம் தேர்வுக்கு வந்த பெண்கள், தேர்வு அதிகாரிகளுக்கு அதுதான் சீருடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.