அஞ்சு நிமிஷம்

சிரிஞ்சை வாயருகே கொண்டுபோனதும் அப்பா உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார். ஊசி இல்லாத சிரிஞ்ச் அது. வலி மருந்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு நர்ஸம்மா கொடுத்தது. இத்தனை நாளும் அவன்தான் விட்டுக்கொண்டிருந்தான். ஒரு வேளைகூட அப்பா முரண்டு பிடித்ததில்லை.

"வேணாம்டா. இன்னிக்கு இந்த வேளை வேணாம்."

"என்னப்பா விளையாடறீங்களா? இந்த வேளையை விட்டா வலி பிச்சு எடுத்துடும்."

"எடுக்கட்டும். இதைக் குடிச்சா நான் சாயங்காலம் வரைக்கும் வெறும் கட்டை. மேனேஜர் அவ்வளவு தூரத்துலேருந்து வர்றார். வாயைப் பொளந்துக்கிட்டு குறட்டை விட்டுட்டுக் கிடந்தா மரியாதையா இருக்குமா?"

மேனேஜர் என்பது அக்காவின் குழந்தை. முதன்முதலில் வீடியோவில் பார்த்தபோது புருவத்தை நெரித்துக்கொண்டு தாத்தாவை முறைத்தது, எங்கே அந்த ஃபைல் என்று கேட்கிற மாதிரி. அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கடல் கடந்த ஊரில், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. அப்பா அதை இதுவரை போன் கண்ணாடியில்தான் கொஞ்சியிருக்கிறார்.

முதல் பிறந்தநாள் உண்மையில் அடுத்த மாதம். அன்றைக்கு வருவதாகத்தான் அக்கா ஏற்பாடு. "அடுத்த மாசம் பேரன் வர்றான் டாக்டர்" என்று அப்பா சொன்னபோது டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவன் அதை அப்படியே அக்காவிடம் சொன்னான். "ஒரு மாசம் முன்னாடி கொண்டாடினா குழந்தைக்கா தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதாள். மறுநாள் டிக்கெட் போட்டாள்.

"இன்னொண்ணு," என்றார் அப்பா. "நானே கேட்டாலும் குடுக்காதே."

"நீங்களே கேட்டா எப்படிப்பா குடுக்காம இருக்கறது?"

"வலி கேக்கும்டா. நான் கேக்க மாட்டேன். அந்த வித்தியாசம் தெரிஞ்சுக்கோ. அக்காகிட்ட மூச்சு விடாதே, பயந்துடுவா. சத்தியம்?"

கையை நீட்டினார். அவன் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தான். வலி வருவதற்கு முன்னால் மருந்து உள்ளே போய்விட வேண்டும், வலி முந்திக்கொண்டால் பிறகு மருந்து பின்னாலேயே ஓடவேண்டியதுதான் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் விமானம் இறங்குகிற நேரம்தான். அங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்குள் என்ன குடி முழுகிவிடும்? நிரப்பிய சிரிஞ்சை அலமாரியில் வைத்துவிட்டு பலூன் ஊத உட்கார்ந்தான்.

முதல் ஒரு மணி நேரம் வீட்டில் உண்மையாகவே கல்யாணக் களை. அப்பா தலை வாரிவிடச் சொன்னார். நீலச் சட்டையை எடுக்கச் சொன்னார். சட்டைக்குள் இன்னொரு ஆள் புகலாம் போலிருந்தது, அவ்வளவு இளைத்திருந்தார். அவன் முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்துக் கொடியில் மாட்டுகிற கிளிப்பைப் போட்டான். "முன்னால பார்த்தா மாப்பிள்ளை, பின்னால பார்த்தா துணிக்கொடி" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணை மூடி, மூக்கால் மூச்சை இழுத்து, மெல்ல விட்டார். வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

போன் அடித்தது. "தம்பி! இறங்கியாச்சுடா! பெட்டி வந்ததும் கிளம்பிடுவோம்."

"சீக்கிரம் வாக்கா."

"வர்றேண்டா. அப்பா எங்க ஓடிடப் போறார்?" பின்னால் குழந்தை ஏதோ கத்தியது. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த போனில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் வற்றியிருந்தது. ஒரு பெட்டி வரவில்லை. பிறந்தநாள் சட்டை, மெழுகுவத்தி, அப்பாவுக்கு வாங்கிய கம்பளி எல்லாம் அதில்தான். புகார் கொடுக்கிற இடத்தில் நீளமான வரிசை, அத்தான் அதில் நிற்கிறார். பெட்டி நாசமாகப் போகட்டும், நீ வா என்று சொல்ல அவன் வாயெடுத்தான். கட்டிலிலிருந்து அப்பா கையை ஆட்டினார், வேண்டாம் என்று. பற்களுக்கு நடுவில் துண்டைக் கடித்திருந்தார்.

"சரிக்கா. பார்த்து வா."

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவன் அவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்பவர்கள் சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து நிறுத்துவதுதான் பிழைப்பு. இப்போது கட்டிலருகே உட்கார்ந்திருந்தவனின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. தரையில் ஒன்றும் இல்லை.

அப்பா முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டார். வாரிவிட்ட தலை வியர்வையில் கலைந்தது. துண்டை எடுத்துவிட்டு, "எங்க வர்றாங்க?" என்றார்.

"வந்துட்டே இருக்காங்க. அஞ்சு நிமிஷம்பா."

அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். வேலை பார்த்த கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் உண்டு, குடியிருந்த வீட்டுக்குப் படிதான் வாய்த்தது என்று அம்மா இருந்தவரை கேலி செய்வாள். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் முதலில் சொல்வது, பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம். வேலை முடிய ஒரு மணி நேரமானாலும் அஞ்சு நிமிஷம்தான். அதுதான் ஒரு மனுஷனால் தாங்க முடிகிற நேரம், அதற்கு மேல் சொன்னால் உள்ளே கதவை உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று சாப்பிடும்போது விளக்குவார். சின்ன வயதில் அவனும் அக்காவும் அதைச் சொல்லிச் சொல்லி விளையாடியிருக்கிறார்கள்.

"டேய்," என்றார் இப்போது. "அது என் பொய்டா. என்கிட்டயே சொல்றியா?"

அவன் துண்டை எடுத்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தான். அப்பா அந்தக் கையைத் தள்ளினார்.

"குடுத்துடு."

"அப்பா, நீங்கதானே காலைல..."

"காலைல பேசினவன் கிறுக்கன். அவன் பேச்சைக் கேக்காதே. குடுத்துடுடா, என் ராசா. உன் காலைப் பிடிக்கிறேன்."

அவன் எழுந்து அலமாரிக்குப் போனான். சிரிஞ்சை எடுத்தான். முனையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"தம்பி, பெரிய பாலம் தாண்டிட்டோம். மேனேஜர் சமர்த்தா வர்றார். அத்தான் கேக் வாங்க இறங்கியிருக்கார், கொண்டுவந்த மெழுகுவத்தியும் அந்தப் பெட்டியோட போச்சே, ஒண்ணாவது வாங்க வேணாமா? இதோ வந்துடறோம். அப்பா முழிச்சிருக்காரா?"

அவன் சிரிஞ்சையும் அப்பாவையும் பார்த்தான்.

"முழிச்சிருக்கார்க்கா."

"தூங்க விட்டுடாதே!" என்றாள் அவள், ஆசை ஆசையாக.

சிரிஞ்சைத் திரும்ப வைத்துவிட்டான். அப்பாவுக்குச் செய்த சத்தியத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவனுக்கும் அது வேண்டியிருந்தது. அக்கா உள்ளே நுழையும்போது அப்பா கண் திறந்திருக்க வேண்டும், ஒத்தை ஆளா இவ்வளவு நல்லா பார்த்துக்கிட்டியேடா என்று அவள் அவன் தோளைத் தொட வேண்டும். அந்த ஆசையும் அதில் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்ல முடியாது.

"பாவி," என்றார் அப்பா. அவனை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. அதன்பிறகு வார்த்தை எதுவும் வரவில்லை, சத்தம்தான் வந்தது. தெருவுக்குக் கேட்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தினான். அருகில் வந்து உட்கார்ந்தபோது அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இந்த உடம்பில் இவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நகம் பதிந்தும் அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, பிடிக்கட்டும் என்று விட்டான். அழுதான். அப்படியே இருவரும் படிக்கட்டில் காலடி கேட்கிறதா என்று காத்திருந்தார்கள்.

அக்கா மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் பை. பின்னால் அத்தான், கேக் பெட்டியைக் கண்ணாடிச் சாமான் மாதிரி ஏந்திக்கொண்டு. "அப்பா, யாரு வந்திருக்கா பாருங்க!" என்றபடியே கட்டிலருகே வந்தவள், ஒரு கணம் தயங்கினாள். இந்த அப்பாவை அவள் எதிர்பார்க்கவில்லை. அவன்தான் வீடியோவில் எப்போதும் முகத்தை மட்டும், நல்ல வெளிச்சத்தில், மருந்து வேலை செய்கிற நேரமாகப் பார்த்துக் காட்டிவந்தான்.

தன்னைச் சமாளித்துக்கொண்டு குழந்தையைக் கீழே சாய்த்தாள். அப்பா கண்ணைத் திறந்தார். அவ்வளவு அகலமாகத் திறந்து அவன் பார்த்ததே இல்லை. பல்லெல்லாம் தெரிய, கழுத்து நரம்பு புடைக்க, அந்த முகத்தைக் குழந்தைக்கு நேராகத் தூக்கினார். "மே..." என்று தொடங்கினார்.

குழந்தை வீரிட்டது. உடம்பை வில்லாக வளைத்து, தாயின் கழுத்தை நெரித்துக்கொண்டு, அந்த முகத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று அலறியது. அக்கா ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்து அவசரமாக ஒரு படம் பிடித்தாள். "புது ஆளுப்பா, அதான். பழகிடுவான், பழகிடுவான். சிரிக்கிறார் பாருங்க, தாத்தா சிரிக்கிறார்!"

அவர் சிரிக்கவில்லை. அவன் ஒருவனுக்குத்தான் அது தெரியும். குழந்தையின் அழுகையைப் பார்த்துக்கொண்டே அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிறகு அவனைப் பார்த்தார்.

"இப்பவாவது," என்றார்.

அக்கா குழந்தையைச் சமாதானப்படுத்த அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள். அவன் அலமாரியிலிருந்து சிரிஞ்சை எடுத்துவந்து மருந்து முழுவதையும் கொடுத்தான். அவசரத்தில் பாதி உதட்டோரம் வழிய, விரலால் வழித்து வழித்து உள்ளே விட்டான். மருந்து வேலை செய்ய நேரம் பிடித்தது. நர்ஸம்மா சொன்னபடியே அது பின்னால் ஓடியது. அடுத்த அறையில் அத்தான் தீப்பெட்டி தேடுவதும், அக்கா பாடுவதும், இரண்டே பேர் கைதட்டுவதும் கேட்டது. குழந்தை விக்கல் விக்கலாக அடங்கியது.

மறுபடி அவன் மணிக்கட்டைப் பற்றியிருந்த அப்பாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் விலகியது. வாய் தானாகவே மூடி, வீடியோவில் குழந்தை பார்த்துப் பழகிய அந்த முகம் திரும்பி வந்தது. மூச்சு வந்தது, நின்றது, வெகுநேரம் கழித்து ஒன்று வந்தது. அவன் அடுத்ததற்காகக் காத்திருந்தான்.

"தூங்கிட்டாரா?" கன்னமெல்லாம் க்ரீம் அப்பிய குழந்தையோடு அக்கா வாசலில் நின்றாள். பதிலுக்குக் காத்திராமல் கட்டிலருகே வந்து குனிந்தாள். குழந்தை இப்போது அழவில்லை. தெரிந்த ஆளைப் பார்த்துவிட்டது. புருவத்தை நெரித்து ஒருமுறை முறைத்தது, பிறகு எட்டி, பிசுபிசுத்த உள்ளங்கையால் அப்பாவின் கன்னத்தில் தட்டியது. இன்னொரு முறை தட்டியது. கண்ணைத் திறக்கவில்லையே என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"பாருங்கப்பா, உங்களை எழுப்பறான்," என்றாள் அக்கா.

காலையிலேயே கொடுத்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். கதவைத் திறந்ததும் இதுதான். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அது வந்து தட்டியிருக்கும், அந்தச் சூடு தூக்கத்துக்குள்ளும் அவருக்குத் தெரிந்திருக்கும். "அக்கா," என்றான். அதற்கு மேல் அவள் புரிந்துகொண்டாள்.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. பலூன்களை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. எதிர்வீட்டு டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரனைப் பார்க்கணும்னே உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கார். கொடுத்து வச்ச மனுஷன்," என்றாள். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களிடமெல்லாம் அழுகைக்கு நடுவில் அதையே சொன்னாள். காத்திருந்தார், பார்த்தார், சிரித்தார், போய்விட்டார்.

கூட்டம் சற்று விலகியபோது அவனை ஓரமாக இழுத்தாள். "உண்மையைச் சொல்லு. கடைசில கஷ்டப்பட்டாரா?"

"இல்லக்கா."

"வலி?"

"மருந்துதான் இருந்துதே."

அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "ஒத்தை ஆளா எப்படிடா பார்த்துக்கிட்டே," என்று விசும்பினாள். காலையில் எந்த வார்த்தைக்கு ஆசைப்பட்டானோ அதே வார்த்தை.

பிறகு போனைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள். அகலத் திறந்த கண்கள், தெரிகிற பற்கள், ஓரத்தில் குழந்தையின் முழங்கை. இதைத்தான் பெரிதாகப் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னாள். இரண்டு விரலால் படத்தை விரித்து மூலைக்குக் கொண்டுபோனாள். "உன் கையை எப்படிப் பிடிச்சிருக்கார் பாரு. என்னைக்கூட அப்படிப் பிடிச்சதில்லை."

"ஆமாக்கா," என்றான்.

கீழே யாரோ நாற்காலிகள் வந்திருப்பதாகக் குரல் கொடுத்தார்கள். அவன் நகர்ந்தான்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்குடா முழுக்கைச் சட்டை? வேர்த்து ஊத்துது பாரு, மடிச்சு விட்டுக்கோயேன்," என்றாள் அக்கா.

"இருக்கட்டும்க்கா."

மணிக்கட்டுப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, நாற்காலிகளை மேலே ஏற்றிவர அவன் படியிறங்கினான்.