மொத்தமாய் வாங்கிய கோழி

வேலையிடத்தில் ஓவர்டைமை நிறுத்திய மாதமே றஜீவ் ஒரு மொத்த விற்பனைக் கடைக்கு வருடச் சந்தா கட்டினான்.

"பெரிசா வாங்கினாத்தான் மிச்சம்" என்றான்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் கார் நிறையச் சாமான் வந்தது. லண்டன் கிங்ஸ்பரியில் அவர்கள் இருந்தது இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை. அவன் மனைவி துசியந்தி முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி இருத்திவிட்டு வந்து, எண்ணெய்க் கலன்களையும் சவர்க்காரப் பெட்டிகளையும் படியேற்றினாள். ரொய்லெட் பேப்பர் அலுமாரிக்கு மேல் கூரை முட்ட ஏறியது. கடைசியில் பழைய பிரீஸர் ஒன்று வந்து, மகள் கஜந்தினியின் படிக்கும் மேசை நின்ற இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தே சோதனைக்குப் படித்தாள்.

ஒரு வியாழக்கிழமை துசியந்தி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றி உள்ளே கால் வைக்க, காலுறை நனைந்தது. பிரீஸர் நின்றுபோயிருந்தது. மீன் கெட்டுவிட்டது. கோழியும் ஆட்டிறைச்சியும் இளகத் தொடங்கியிருந்தாலும் இன்னும் குளிராகத்தான் இருந்தன. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் இருந்துவிட்டாள்.

றஜீவ் வந்து பார்த்தான். "திரும்ப உறைய வைக்க ஏலாதோ?"

"ஏலாது. இண்டைக்கே சமைக்கோணும். இல்லாட்டி எறியோணும்."

மூவரும் சமைத்தார்கள். றஜீவ் வெட்டினான், கஜந்தினி வெங்காயம் உரித்தாள், துசியந்தி அடுப்படியில் நின்றாள். சட்டிகள் போதவில்லை. கீழ்வீட்டு பியற்றிஸ் அக்காவிடம் இரண்டு இரவல் வாங்கி, ஒன்றைக் கறியோடு அவவுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

"ஐயோ பிள்ளை, நான் தனி ஆள். இது ஒரு கிழமைக்குக் காணும்" என்றா அவ.

கடைசிச் சட்டி கொதிக்கும்போது றஜீவ் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு உழைப்புக் குறைஞ்சுபோச்சு. உதிலையாவது மிச்சம் பிடிப்பம் எண்டு பாத்தன்."

சண்டை பிடிக்கத்தான் துசியந்தி நினைத்திருந்தாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

"பேப்பரிலையும் சவர்க்காரத்திலையும் மிச்சந்தானப்பா. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா சாப்பாட்டை நாங்கள் மூண்டு பேர் எவ்வளவெண்டு தின்னுறது? எறிஞ்சதையும் சேத்துப் பாத்தால் என்ன மிச்சம்? என்ர முதுகுக்கு ஆர் கணக்குப் பாக்கிறது?"

அவன் அடுப்படியைத் துடைத்து, அவளைப் போய்ப் படுக்கச் சொன்னான்.

சந்தா முடிந்தபோது அவன் புதுப்பிக்கவில்லை. பிரீஸரைக் கவுன்சில்காரர் வந்து எடுத்துப்போனார்கள். கஜந்தினி மேசையை இழுத்து ஜன்னலோடு போட்டாள். அரிசி, மரக்கறி எல்லாம் தெருமுனைத் தமிழ்க் கடையில். சில சாமானுக்கு விலை கொஞ்சம் கூடத்தான். கையிலுள்ள காசு முன்னையைவிடப் பெருகியதாகவும் தெரியவில்லை, குறைந்ததாகவும் தெரியவில்லை.

சந்தா முடிந்தபின் வந்த முதல் சனிக்கிழமை றஜீவ் பழக்கத்தில் எழும்பி உடுப்பு மாற்றினான்.

"எங்கை போறியள்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒரு இடமுமில்லை."

"அப்ப படுங்கோ."

உடுத்த உடுப்போடு அவனும் படுத்தான். இருவரும் மத்தியானம் வரை நித்திரை கொண்டார்கள்.