வராத பிள்ளையின் படம்

குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பதில் பாதி வேலை மூக்குத் துடைப்பது. மீதிப் பாதி, காயாத வண்ணத்தைக் காயவைப்பது. ஓவிய டீச்சர் இரண்டையும் பதினான்கு வருடமாகச் செய்துவந்தாள். வகுப்பறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, துணிக்கிளிப்பில் படங்களைத் தொங்கவிடுவாள். பிள்ளைகள் கீழே நின்று வாயைக் குவித்து ஊதுவார்கள். ஊதி ஊதித் தலைசுற்றி இரண்டு பேராவது உட்கார்ந்துவிடுவார்கள். தூரிகை கழுவும் தண்ணீரில் விரலை நனைக்க ஒருவருக்கும் மனம் வராது. ஸ்வெட்டரின் கைநுனியே துடைக்கும் துணி.

இந்த வருடக் கண்காட்சிக்குத் தலைப்பு ‘குளிர்காலம்’. வெளியே குளிர்காலமாக இருந்ததால் தலைமையாசிரியை அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

கண்காட்சிக்கு முன் ‘தொட்டுக்கொடுப்பது’ என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் டீச்சர் தூரிகையோடு உட்காருவாள். சாய்ந்த வீட்டை நிமிர்த்துவாள். ஆறு விரல் இருந்தால் ஒன்றைக் கழிப்பாள். பெற்றோருக்கும் இது தெரியும். போன வருடம் ஒரு அப்பா வந்து, “பக்கத்து வீட்டுப் பையனுக்கு மேகமெல்லாம் தொட்டுக் குடுத்திருக்கீங்க. எம் பிள்ளைக்கு வெறும் மரந்தானா, டீச்சர்?” என்று வருத்தப்பட்டுப் போனார்.

இரண்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வந்தவை முப்பத்தேழு படங்கள். குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் மெலிந்த பெண் மார்ச்சளியோடு மூன்று வாரமாகப் படுத்திருந்தாள்.

“நூறு சதவீதப் பங்கேற்புன்னு அழைப்பிதழ்ல அச்சடிச்சாச்சு, டீச்சர்,” என்றார் தலைமையாசிரியை.

“அந்தப் பொண்ணு படுக்கையில இருக்கு, மேடம்.”

“பொண்ணு படுத்திருக்கட்டும். படம் எழுந்து வரட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள். ஏழு வயதுக் கை போல இருக்கட்டும் என்று இடதுகையால்தான் தொடங்கினாள். கால்மணி நேரத்தில் தூரிகை தானாக வலதுகைக்கு மாறியிருந்தது. மூடுபனி இறங்கிய தெரு, ஒரு விளக்கு, அதனடியில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருத்தி.

கணவர் எட்டிப் பார்த்தார். “யாருக்கு இது?”

“ரெண்டாங்கிளாஸ் பொண்ணுக்கு.”

“நல்ல பொண்ணு. வரையறதுக்கு ஆள் வச்சிருக்கா.”

அவள் தூரிகையைக் கழுவி அடுத்த வண்ணத்தைத் தொட்டாள். அவளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது: கொஞ்சம் நேரமும், பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணும் கிடைத்திருந்தால் தானும் ஓவியர்தான் என்று. சோதித்துப் பார்க்காததால்தான் அது இத்தனை வருடம் கெடாமல் இருந்தது. இந்தக் கண்காட்சிக்குப் பரிசு கொடுக்க நடுவராக வரப்போகிறவர் நிஜ ஓவியர். வேறொரு பெயரில் தன் படத்தை அவர் முன் நிறுத்தலாம். வெட்கப்படவும் தேவையில்லை, தோற்றால் தோற்றது ஒரு காய்ச்சல்காரப் பிள்ளை. இந்த நினைப்பு எவ்வளவு அற்பமானது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தே கீழ்மூலையில் குண்டூசியின் பெயரைக் கோணல் எழுத்தில் எழுதினாள்.

கண்காட்சி நாளில் ஓவியர் கம்பளிச் சால்வையோடு வந்தார். டீச்சர் குண்டூசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை இருப்பதுபோல் அவர் பின்னாலேயே நகர்ந்தாள். நிமிர்த்தப்பட்ட வீடுகளை அவர் வேகமாகக் கடந்தார். கடைசி வரை காயாமல் கயிற்றிலேயே கிடந்ததால் அவள் தொடமுடியாமல் போன ஒரு படத்தின் முன் நின்றார். தண்ணீர்க் குவளை ஒன்று, அதற்குள் போக மறுக்கும் பெரிய சிவப்புக் கை. ஆறு விரல்.

“முதல் பரிசு இதுக்கு,” என்றார்.

பிறகு மூடுபனித் தெரு. டீச்சர் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?”

“ஏழு, சார்.”

“கை நல்லாப் பழகியிருக்கு. ஆனா பெரியவங்க எப்படிப் பார்ப்பாங்களோ அப்படியே பார்க்குது. பாவம். கொஞ்ச நாள் சும்மா விட்டுடுங்களேன்.”

“எங்க டீச்சர் ரொம்பக் கண்டிப்பு, சார்,” என்று தலைமையாசிரியை பெருமையாகச் சிரித்தார். “பிள்ளை மூணு வாரமா நோயில கிடந்து வரைஞ்சது. ஒரு ஆறுதல் பரிசாவது குடுங்க.”

கொடுத்தார்.

குண்டூசி அன்றுதான் முதன்முதலாக எழுந்து வந்திருந்தாள், அம்மாவின் சால்வைக்குள் முக்கால்வாசி மறைந்து. பரிசளிப்பில் பெயர் சொல்லி அழைத்ததும் மேடைக்குப் போனாள். சான்றிதழை வாங்கினாள். பக்கத்தில் நிறுத்தியிருந்த படத்தைப் பார்த்தாள்.

“இது என்னோடது இல்ல.”

“ஜுரம் இன்னும் விடல,” என்றார் தலைமையாசிரியை ஒலிபெருக்கியில். அரங்கம் சிரித்தது.

“ஜுரத்துல வரைஞ்சது மறந்திருப்பா,” என்று அம்மாவும் கீழிருந்து ஒத்துப்பாடினாள். “வாங்கிக்கிட்டு இறங்குடி.”

“நான் வரையவே இல்லம்மா. எனக்குத் தாளே குடுக்கல.”

குண்டூசி யாரையும் குற்றம் சொல்லவில்லை; நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தாள். தூரிகையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற பார்வை. இப்போது ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், பிள்ளை பொய்க்காரியாகிவிடுவாள், எல்லாம் சுமுகமாக முடியும். பதினான்கு வருடமாக எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது.

“அவ சொல்றது சரி. அது நான் வரைஞ்ச படம்,” என்றாள் டீச்சர். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

தலைமையாசிரியை உடனே, “இப்போது மூன்றாம் வகுப்பு மாணவிகளின் நடனம்,” என்று அறிவித்தார். நடனம் அரைமணி கழித்துத்தான். ஆடைகூட மாற்றாத பிள்ளைகள் திரைக்குப் பின்னிருந்து தள்ளிவிடப்பட்டார்கள். கிடைத்த சந்தடியில் டீச்சர் மேடையேறி, பலகையில் குத்தியிருந்த பின்களைப் பிடுங்கிப் படத்தைக் கழற்றினாள். குண்டூசிக்கு ஒரு வெற்றுத்தாளும் மெழுகு வண்ணப் பெட்டியும் கொடுத்து, அம்மா பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“நாளைக்கு என் அறைக்கு வாங்க,” என்று தலைமையாசிரியை பல்லிடுக்கில் சொன்னது நன்றாகவே கேட்டது. வேலை போகலாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்ததால் அது உறைக்கவில்லை. அவள் நேரே ஓவியரிடம் போனாள்.

“பெரியவங்க பார்க்கற மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, சார். பெரியவதான் வரைஞ்சது. இப்போ சொல்லுங்க.”

அவர் சங்கடப்பட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

“விளக்கடி நல்லா வந்திருக்கு,” என்றார். “இந்த உள்ளங்கை அகலம் மட்டும். மத்த இடமெல்லாம் யாரோ மார்க் போடப்போறாங்கன்னு பயந்து வரைஞ்ச மாதிரி இருக்கும்மா.”

பதினான்கு வருட நம்பிக்கை ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் சொல்வது சரி என்ற எரிச்சல்தான் வந்தது.

“எங்கேர்ந்து பயம் ஆரம்பிக்குது, சார்?” என்றாள், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. “அந்த இடத்தை விரல் வச்சுக் காட்டுங்க.”