படுக்கையின் நடுவே ஓர் எல்லை

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நோயாளிக்கு அது திண்டாட்டம். தையல்காரியின் வீடு இரண்டு நகராட்சிகளின் எல்லைமேல் நின்றது. அடுப்பங்கரை கிழக்கு ஊரில், வாசல் மேற்கு ஊரில். படுக்கையறையை எல்லை சரிபாதியாகப் பிளந்துகொண்டு போயிற்று.

அரசு மருத்துவக் காப்பீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் ஊர் ஒரு பங்கு கட்டவேண்டும். அவள் கணவர் பஸ் ஓட்டிக்கொண்டு திடமாக இருந்தவரை அவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுது, இரத்தத்தைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், 'உங்க ஆள், உங்க ஆள்' என்று இரண்டு ஊரும் அவரைப் பந்தாடின. பங்கு யாருடையது என்று முடிவாகாமல் சிகிச்சை தொடங்காது.

சட்டம் என்னவோ எளிதுதான். தூங்கும்போது தலை எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர்க்காரர். அதை எழுதிய மகராசன் படுத்ததும் குறட்டை விடுகிறவனாக இருந்திருக்கவேண்டும்.

மழை தூறிய ஒரு மதியம் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கிழக்கிலிருந்து குடைக்காரர், மேற்கிலிருந்து கண்ணாடிக்காரர். அவளுடைய தையல் சுண்ணக்கட்டியையே வாங்கி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை விரிப்பின் நடுவே கோடு போட்டார்கள். ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

கணவர் கண்ணை மூடி உடனே குறட்டை விட்டார்.

"இது உங்க குறட்டை இல்ல," என்றாள் அவள். "இத்தனை வருஷம் கேட்டவளுக்குத் தெரியாதா?"

"நீ பக்கத்துல படுக்காம எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

அதுவும் உண்மைதான். அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவள் படுப்பதில்லை. தான் கண்ணயர்ந்தால் அவர் போய்விடுவார் என்று பயம். நாற்காலியே கதி என்று கிடந்தாள்.

"நீங்களும் படுங்கம்மா," என்றார் குடைக்காரர். "ஒரு குடும்பத்துக்கு ஒரே கணக்கு. ரெண்டு பேர்ல யார் தூங்கினாலும் சரி."

இரண்டு அந்நிய ஆண்களுக்கு முன்னால் படுக்க அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கணவர் கிழக்கில் கிடந்தார். அவள் மேற்கின் ஓரமாய் ஒடுங்கினாள்.

"நோய் தலையிலயா இருக்கு? சிறுநீரகம் எந்தப் பக்கம்னு பாருங்க சார்," என்று அதிகாரிகள் வாதாடும் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. கட்டில் மெல்ல நகர்ந்தது. கணவர்தான் ஓட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஈரத் தெருக்கள் மிதந்து போயின. கிழக்கு எது, மேற்கு எது என்று தெரியவில்லை. எந்த நிறுத்தத்திலும் யாரும் ஏறிச் சீட்டுக் கேட்கவில்லை. வளைவுகளில் வண்டி சாய, அவளும் சுகமாகச் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது அறையெல்லாம் மஞ்சள் வெளிச்சம். குடைக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் தூங்கவே இல்லம்மா," என்றார் கண்ணாடிக்காரர் தணிந்த குரலில்.

அவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப எல்லாம் போச்சா?"

"நீங்க தூங்கினீங்களே. முதல்ல எங்க ஊர்ல, அப்புறம் உருண்டு அவங்க ஊர்ல. அதனால ஆளுக்குப் பாதி கட்டறதா பேசி முடிச்சுட்டோம். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

போன உயிர் திரும்பியதும் அவளுக்குக் கோபம் வந்தது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"தூங்குங்கன்னு ஒரே ஒரு வேலை சொன்னாங்க. அதைக்கூடச் செய்யாம என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உன் தலை என் கைமேல இருந்துச்சு. மரத்துப்போச்சு," என்றார் அவர். "எடுத்தா முழிச்சுக்குவியேன்னு அப்படியே கிடந்தேன்."

அவள் அந்தக் கையை மடியில் இழுத்துத் தேய்த்துவிட்டாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.